உடைமரத்துக் கவட்டையில் ஒரு ஒயர்

ஜூன் 9, திங்கள்

படத்தோடு குறிப்பும் எழுத வேண்டுமாம். தேவசகாயம் சாரின் உத்தரவு. 'விடியல் சட்டகம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவை நாகர்கோவிலில் இருந்துகொண்டு நடத்துகிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குழுவில் இருக்கிற நாற்பது பேருக்கும் அவர் சார்தான். இந்தத் தடவை முப்பது நாள் போட்டி. ஒரே இடம், காலை வெளிச்சம், செல்போன் கேமரா, தினமும் ஒரு படம். எப்படி எடுத்தோம், பிறகு எதைத் திருத்தினோம் என்று எழுதிவந்தால் கண் திறக்கும் என்கிறார். என் கண் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மருந்துக் கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது.

என் இடம் வடக்குக் குளத்துக் கரை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லி இரண்டு வருஷமாகப் போய்வருகிற வழி. மடைக்குப் பக்கத்தில் ஒற்றை உடைமரம், குடை விரித்த மாதிரி. பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் மலை. சாரல் காலம் தொடங்கிவிட்டதால் மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருக்கிறது. ஒரு படத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டாத ஒன்று மட்டும் இருக்கிறது. மீன் குத்தகைக்காரரின் கொட்டகையிலிருந்து மடை வரைக்கும் ஒரு கறுப்பு ஒயரை இழுத்திருக்கிறார்கள். நடுவில் உடைமரத்துக் கவட்டையில் அதை மாட்டி, மடையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ராத்திரி மீன் திருட வருகிறவர்கள் பயப்பட வேண்டுமாம். மரத்தின் அத்தனை அழகையும் அந்த ஒயர் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுகிறது. எடிட் செய்கிற ஆப்பில் அழிக்கும் கருவியை எடுத்து விரலால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஒயர் போய்விட்டது.

ஜூன் 10

மேகம். வெளிச்சம் செத்துக்கிடந்தது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் மலை கரி பூசிக்கொள்கிறது, இறக்கினால் சோகை பிடித்துப்போகிறது. ஒயரை அழித்தேன். அனுப்பினேன். நான்கு லைக்.

ஜூன் 12, வியாழன்

மரத்தை நடுவில் நிறுத்தினால் அது பாஸ்போர்ட் போட்டோ என்று தேவசகாயம் சார் கிண்டல் செய்திருந்தார். அதனால் இன்று மரத்தை இடது ஓரமாகத் தள்ளி, வலது பக்கம் முழுவதையும் தண்ணீருக்கு விட்டேன். குனிந்து, ஏறக்குறைய உட்கார்ந்து எடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் உட்காருவது பெரிதல்ல, எழுந்திருப்பதுதான் பெரிது.

சரியாக அந்த நேரத்தில் வலது பக்கக் காலியிடத்துக்குள் ஆவுடையம்மாள் வந்து நின்றாள். மாட்டுக்குப் புல் அறுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது, ஒரு மாடு, ஒரு மகள். என் மருந்துக்கடைக்கு வந்து கால்வலி மாத்திரை வாங்குவாள். கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் அரிவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் தள்ளிப் போனா மாடு பட்டினியில்லா கெடக்கும் அண்ணாச்சி. புல்லு இங்கதானே இருக்கு. நீங்க வேணா தள்ளிப் போங்களேன்."

நியாயம்தான். ஆனாலும் வெளிச்சம் போய்விட்டது. அவளையும் ஒயரையும் சேர்த்து அழித்தேன். புல்லுக்கு மேல் புல்லை ஒட்டினால் மனுஷியை மறைப்பது சுலபம். வானத்தில் போகிற ஒயர்தான் பிசிறு காட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

போன் நிறைந்துவிட்டது என்று தினமும் மிரட்டுகிறது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொள்வது, அசலை அன்றைக்கே டெலிட் செய்துவிடுவது. அசலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

இன்று ஆவுடையம்மாள் மரத்தடியிலேயே நின்றிருந்தாள். புல்லுக்கட்டைத் தூக்கிவிட ஆள் தேடினாளாம். நான் எடுப்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். முகத்தில் வெயில், தலைக்கு மேல் கவட்டை, கவட்டையில் அந்த ஒயர். கட்டைத் தூக்கிவிட்டேன். அப்போது ஒயருக்கு அடியில் நான் போனதைப் பார்த்து அவள் அதட்டினாள்.

"அந்த ஒயரு பக்கத்துல போவாதிய அண்ணாச்சி. ஒட்டுப்போட்ட ஒயரு. யாரும் கை வச்சா பூலுடையார் வைவாரு. அன்னைக்கு ஆடு மேய்க்கிற பையன அடிக்கவே போயிட்டாரு."

பூலுடையார் குத்தகைக்காரரின் காவல்காரர். காலை ஆறரைக்கு ஸ்விட்சை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் திரும்பப் போடுவார். ஒயரைத் தன் பேரன் மாதிரி பார்த்துக்கொள்கிறார் போலிருக்கிறது.

ஆவுடையம்மாளை அழித்தேன். ஒயரை அழித்தேன். அசலை டெலிட் செய்தேன். படம் சுமார்தான்.

ஜூன் 18, புதன்

இன்று மானம் போயிற்று. என் நேற்றைய படத்தைத் தேவசகாயம் சார் குழுவில் பெரிதாக்கிப் போட்டு, கவட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார். ஒயரை அழித்த இடத்தில் ஒரே இலைக்கொத்து இரண்டு தடவை வந்திருக்கிறதாம். கூடவே குரல்பதிவு. அழிப்பது சோம்பேறி வேலை, எடுக்கும்போதே சட்டகத்தைச் சுத்தம் செய்யப் பழகுங்கள், கிடக்கிற குப்பையை நகர்த்துங்கள் அல்லது நீங்கள் நகருங்கள் என்று. நாற்பது பேரும் கேட்டிருப்பார்கள்.

நகர்ந்து பார்த்துவிட்டேன் ஐயா. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த ஒயர் கூடவே வருகிறது. பிரமுவிடம் சொன்னால், "ஒயரும் சேந்துதானே அந்த எடம், இருந்துட்டுப் போவட்டுமே" என்கிறாள். என் மனைவிக்கு ரசனை அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

இந்த மாதத்தின் படம் கிடைத்துவிட்டது.

மலையிலிருந்து மேகம் முழுவதும் இறங்கித் தண்ணீர் மேல் படுத்திருந்தது. மேலே வெயில். நடுவில் மரம் மட்டும் கறுப்பாக, சுத்தமாக. நாற்பது தடவை எடுத்தேன். நிழலைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, மேகத்தில் லேசாக மஞ்சள் ஏற்றியதோடு சரி. இன்று எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. எடுக்கும்போதே சரிசெய்துவிட்டேன்.

பிறகு பால் வாங்க வேண்டும் என்ற நினைவு வந்து ஓடினேன். சட்டைக் கை உடைமுள்ளில் கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மரத்தில் ஏறினீர்களா என்று பிரமு கேட்டாள். ஏறவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ராத்திரியிலிருந்து சாரல். காலையில் போகவில்லை.

பத்து மணிக்குக் கடையில் சொன்னார்கள். ஆவுடையம்மாள் இறந்துவிட்டாள். குளத்துக் கரையில், கரண்ட் அடித்து.

ஜூன் 23, திங்கள்

ஒயர் புல்லுக்குள் கிடந்திருக்கிறது. விடியும் முன்பே போனவள் அதைப் பார்க்கவில்லை. புல்லோடு சேர்த்து அரிவாளைப் போட்டு இழுத்திருக்கிறாள். ஈரத் தரை. சாரலுக்குப் பயந்து பூலுடையார் கொட்டகைக்குள்ளேயே படுத்திருந்தார், ஸ்விட்சை அணைக்கிற ஆறரை மணியும் ஆகியிருக்கவில்லை. மாடு கத்துகிறதே என்று மகள் முத்துமாரி தேடிப்போய்ப் பார்த்திருக்கிறாள்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து இன்று மத்தியானம் கொண்டுவந்தார்கள். நானும் போய் மாலை போட்டேன். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள், நெற்றி மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு பிரமு கேட்டாள். தினமும் போகிற இடமாயிற்றே, அந்த ஒயர் எப்போதும் கீழேதான் கிடக்குமா என்று. நான் மரத்தைத்தான் பார்ப்பேன், மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன்.

ஜூன் 24

நடக்கப் போகவில்லை.

ஜூன் 25

நடக்கப் போகவில்லை. சர்க்கரை 240.

ஜூன் 26, வியாழன்

எஸ்.ஐ. கடைக்கு வந்தார். கரையில் காலையில் நடக்கிற எல்லோரையும் விசாரிக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போனீர்களா என்று கேட்டார். மழை சார், போகவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். இருமல் மருந்து கேட்டார், கொடுத்தேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சனிக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

பூலுடையாரைக் கைது செய்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று போட்டிருந்தால் ஜாமீனில் வந்திருப்பார். அப்படிப் போடவில்லை. மீன் திருடர்களைப் பிடிக்க வேண்டுமென்றே கரண்ட் ஒயரைக் கரையில் போட்டுவைத்தார் என்று குத்தகைக்காரர் எழுதிக்கொடுத்திருக்கிறார். தனக்கு எதுவும் தெரியாது, காவல்காரன் செய்த வேலை என்கிறார். கொலைக்குச் சமமான கேஸாம். வெளியே வர மாதக்கணக்காகும் என்கிறார்கள்.

கடைக்கு வந்த ஏட்டு, பூலுடையார் ஸ்டேஷனில் அழுததை நடித்துக் காட்டினார்.

"கவட்டையிலதான்யா கெடந்துச்சு, என் கையால மாட்டுனது, நான் எறக்கலன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். எல்லா களவாணியும் அப்படித்தான் சொல்லுவான் அண்ணாச்சி."

கடையில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். நான் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து கேட்டவருக்குப் பதினைந்து வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

காற்றுக்கு விழுந்திருக்கலாம். ராத்திரி நல்ல காற்று. ஆடு மேய்க்கிற பையன்கள் இழுத்திருக்கலாம். எத்தனையோ நடந்திருக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

முப்பது நாள் முடியும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டார். ஜூன் மாதத்தின் சிறந்த படம் 21ஆம் தேதி நான் எடுத்ததாம். தேவசகாயம் சார் மூன்று நிமிடத்துக்குப் பேசியிருந்தார். இத்தனை நாள் மரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒயர் எங்கே போனது என்றே தெரியவில்லை, அழித்த தடமே இல்லை, இதைத்தான் நான் சொன்னேன், எல்லோரும் சிவசைலம் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். பிறகு போய் வாந்தி எடுத்தேன். மத்தியானம் தின்ற வடை சரியில்லை.

ஜூலை 3, வியாழன்

முத்துமாரி கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வேலை, பேனரும் போஸ்டரும் அவள்தான் டிசைன் செய்கிறாள். ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவள் கையால்தான் வரும். அம்மாவுடைய போஸ்டருக்குப் போட அவளிடம் படம் இல்லையாம். ரேஷன் கார்டில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தியது, முகமே தெரியவில்லை. திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படமாவது வேண்டும்.

"நீங்க தெனமும் கரையில படம் எடுப்பிய, நான் குறுக்க போயி ஏச்சு வாங்கிட்டு வாரேன்னு அம்மா சொல்லிச் சிரிப்பா. ஏதாவது ஒண்ணுல அவ இருப்பால்லா அண்ணாச்சி?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஏதோ ஒன்றில் ஓரமாக நின்றாலும் போதும், அவளே வெட்டிப் பெரிதாக்கிக்கொள்வாளாம். போகும்போது இன்னொன்றும் சொன்னாள். ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்கிறார்கள். பூலுடையார் அடிக்கடி ஒயரைக் கரையில் போட்டுவைப்பார் என்று அம்மா தன்னிடம் சொன்னதாக அதில் இருக்கிறது. அம்மா அப்படிச் சொன்னதே இல்லை, ஒயர் கவட்டையில்தான் இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறாள். தாய்மாமா போடு போடு என்கிறார், குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்து அவரிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். இவள் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபேனைக் கூட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

ஒயரைக் கவட்டையிலிருந்து இறக்கியவன் நான்தான். 21ஆம் தேதி, ஆறே முக்காலுக்கு. பூலுடையார் டீக்கடைக்குப் போயிருந்தார். கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த மூங்கில் கழியை எடுத்து, ஒயரின் சுற்றுகளை நெம்பிக் கவட்டையிலிருந்து விடுவித்து, மரத்தடியில் ஒரு கல்லுக்குப் பின்னால் புல்லில் படுக்கப் போட்டேன். சட்டை முள்ளில் மாட்டியது அப்போதுதான். பல்பு எரியவில்லை, கரண்ட் இல்லை என்று தெரிந்துதான் செய்தேன். சாயங்காலம் அவர் ஸ்விட்சைப் போடுவார் என்பதும் தெரியும். படம் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவதாகத்தான் இருந்தேன். பிறகு அந்த வெளிச்சம் வந்தது. நாற்பது படம் எடுத்தேன். பால் நினைவு வந்தது. ஒயர் நினைவு வரவில்லை. அன்று முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து மேகத்துக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் ஸ்விட்சைப் போட்டிருப்பார்.

அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். பக்கத்தில் போகாதே என்று அவளே சொல்லியிருந்தாள்.

இன்று கடையில் கூட்டம் குறைந்த பிறகு போனில் ட்ராஷைத் திறந்தேன். டெலிட் செய்த படம் முப்பது நாள் அங்கே கிடக்கும், பிறகு தானாகப் போய்விடும். ஒவ்வொரு படத்தின் மேலும் மிச்ச நாள் எழுதியிருக்கிறது. 15ஆம் தேதி எடுத்த படத்தின் மேல் 11 என்று இருந்தது. ஆவுடையம்மாள் சிரிக்கிறாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்து மறுபக்கம் மெல்ல மங்குகிறது. கண் நேராக என்னைப் பார்க்கிறது. இதைச் சுமார் என்று எழுதியிருக்கிறேன்.

தலைக்கு மேல் கவட்டை. கவட்டையில் ஒயர். கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டியிருப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. காற்றுக்கு விழுகிற மாட்டல் இல்லை அது. கீழே தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு படம் போதும், பூலுடையார் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அடுத்த கேள்வி, பிறகு யார் இறக்கியது என்பதாக இருக்கும். 21ஆம் தேதி படம் நாற்பது பேரிடம் இருக்கிறது, என் பெயரோடு.

அசலை வெளியே எடுத்து ஒரு பிரதி செய்துகொண்டு, அசலைத் திரும்ப ட்ராஷில் போட்டேன். நாள் கணக்கு மறுபடி முப்பதிலிருந்து ஆரம்பித்தது.

பிரதியில் வேலையை ஆரம்பித்தேன். முகத்தை மட்டும் வெட்டினால் படம் உடைந்துபோகிறது, பழைய போன். தோள் வரைக்கும், தலைக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் விட வேண்டியிருந்தது. கவட்டை உள்ளே வந்துவிட்டது. ஒயரைத் தேய்த்தேன். அவசரமில்லாமல், சின்னச் சின்னதாக, ஒரு மணி நேரம். முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. முகத்துக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

முத்துமாரிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அம்மா இவ்வளவு அழகா என்று கேட்டிருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

பதினாறாம் நாள். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று பிரமு சொன்னாள்.

ஊர் முழுக்கச் சுவரில் ஆவுடையம்மாள் சிரிக்கிறாள். வீட்டில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ரோஜா மாலை, குத்துவிளக்கு. வந்தவர்களெல்லாம் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள், யார் எடுத்தது என்று கேட்டார்கள். முத்துமாரியின் தாய்மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, காசுக்குக்கூட இப்படி யாரும் எடுத்துத் தர மாட்டார்கள் என்று அழுதார். அவரே பரிமாறினார். மூன்று தடவை சாம்பார் விட்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

குத்தகைக்காரர் வந்திருந்தார். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டார். அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரிந்தது அதிகம் என்று பிறகுதான் உறைத்தது.

ஜூலை 9

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே எஸ்.ஐ. இல்லை என்று வாசலில் நின்றவர் சொன்னார். எப்போது வருவார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 10

பூலுடையாருக்கு ஜாமீன் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஜெயிலில் சாப்பிடாமல் கிடக்கிறாராம்.

குழுவில் இந்த மாதத் தலைப்பு 'நிழல்'. வெளியேறிவிட்டேன்.

ஜூலை 12, சனி

மத்தியானம் முத்துமாரி வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. கல்லாமேடையில் ஒரு பிரிண்டைப் பிரித்து வைத்தாள். அம்மாவின் படம்தான், ஆனால் முகம் இல்லாமல் மேல்பகுதியை மட்டும் பெரிதாக்கியிருந்தாள்.

நானும் தினமும் இந்த வேலைதான் செய்கிறேன் என்று ஆரம்பித்தாள். செத்தவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்களை அழிப்பேன், சட்டையில்லாதவருக்குச் சட்டை போடுவேன். சட்டம் போட்ட படத்தை ஐந்து நாளாக வீட்டில் பார்த்துக்கொண்டே இருந்ததில் நேற்றுதான் கண்ணில் பட்டது என்றாள். கவட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். ஒரே இலைக்கொத்து இரண்டு தடவை வந்திருந்தது. ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தும் அதே தப்பு.

"இங்க என்னமோ இருந்திருக்கு. என்னத்த எடுத்திய அண்ணாச்சி?"

பாலித்தீன் பை ஒன்று மாட்டிக்கொண்டு தொங்கியது, அம்மா படத்தில் அசிங்கமாக இருக்குமே என்று எடுத்துவிட்டேன் என்றேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அசல் இருக்கிறதா என்று கேட்டாள். போன் நிறைந்ததால் அன்றைக்கே அழித்துவிட்டேன், இப்போது போயிருக்கும் என்றேன். போன் எனக்கும் அவளுக்கும் நடுவில், மேடை மேலேயே கிடந்தது.

அவள் பிரிண்டை மடிக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து தினமும் ஆள் வருகிறதாம். தாய்மாமா சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சைத்தான் எடுக்கிறாராம். பூலுடையாரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அப்படிச் செய்திருப்பார் என்று மனசு ஒப்பவில்லை, ஆனால் எல்லோரும் சொல்லச் சொல்லத் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் கண் ஒன்றுதான்.

"படம் இல்லாட்டியும் போவுது. நீங்க தெனமும் போயி பாத்தவுக. அந்த ஒயரு மேல கெடந்துச்சா, கீழ கெடந்துச்சா? வாயால சொல்லுங்க, எனக்கு அது போதும்."

சொல்லத்தான் நினைத்தேன். மேலே என்று ஒரே ஒரு வார்த்தை. யார் இறக்கியது என்று இவள் கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது என்று நினைத்தேன். கடை, பிரமு, என் கையில் விலங்கு, ஊர் சுவரில் என் முகம் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை, பயம்தான்.

"நான் கவனிக்கலையேம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நீங்கள் உங்கள் வேலையில் இருந்திருப்பீர்கள், பாவம், உங்களைப் போய்த் தொந்தரவு செய்கிறேன் என்றாள். நம்பிவிட்டாள். பிரிண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். இனி இழுத்தடித்து என்ன ஆகப்போகிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், நடக்கிறது நடக்கட்டும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். தாய்மாமாவோடு போக அவளுக்கு இஷ்டமில்லை. அம்மாவை நன்றாகத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் நின்றால் தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன் என்றாள். நீங்கள் வரமுடியுமா என்று கேட்டாள்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கடையைப் பிரமு பார்த்துக்கொள்வாள்.